அப்பாவுக்கு ஒரு பூசை

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. குடித்துவிட்டு அம்மாவை அடித்தவர். கடைசிப் பத்து வருடம் அவரோடு எனக்குப் பேச்சில்லை, அடக்கத்துக்கும் போகவில்லை. இப்போது கோயிலில் அவர் ஆத்துமாவுக்காக ஒரு பூசை (திருப்பலி) வைக்கவேண்டும் போலிருக்கிறது. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் நண்பன், ‘செத்த அன்றே தீர்ப்பு முடிந்தது, இனி ஜெபித்து என்ன?’ என்கிறான். காலம் கடந்துவிட்டதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. பூசை வையுங்கள்.

உங்கள் நண்பருடைய பைபிளில் மக்கபேயர் நூல்கள் கிடையாது. நம் கத்தோலிக்க பைபிளில் உண்டு. 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தை இன்றிரவு எடுத்துப் படியுங்கள். போரில் மடிந்த தன் வீரர்களைப் புதைக்கப் போகிறார் யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே. ஒவ்வொருவர் ஆடைக்குள்ளும் சட்டம் விலக்கிய சிலைகளின் தாயத்துகள். அவர் அவர்களைக் கைவிடவில்லை. 2,000 திராக்மா வெள்ளிக்காசு திரட்டி, பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறார். குற்றத்தோடு செத்தவர்களுக்காகத்தான் அந்த ஜெபமே.

அப்புறம், காலம் கடந்ததா என்று கேட்டீர்கள். புனித அகுஸ்தினாரின் அப்பா பத்ரீசியுஸ் முன்கோபி, மனைவிக்கு உண்மையாக இல்லாதவர். மகன் பதின்வயதில் இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா மோனிக்கா இறந்தது 387இல், ஒஸ்தியாவில். கணவர் பக்கத்திலேயே தன்னைப் புதைக்க இடம் ஒதுக்கி வைத்திருந்த அந்த அம்மா, கடைசியில் ‘உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பூசைப் பீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள்’ என்றுதான் கேட்டார். சுமார் பத்து வருடம் கழித்துத் தன் வாழ்க்கையை எழுதும்போது, அகுஸ்தினார் வாசிப்பவர்களிடம் இருவர் பெயரையும் சொல்லி ஜெபம் கேட்கிறார். அதற்குள் அப்பா போய்ச் சுமார் 25 வருடம்!

அம்மா பட்ட அடி இல்லையென்று ஆகிவிடாது. மோட்சத்துக்கு முன் ஆத்துமாக்கள் தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் உங்கள் அப்பா அதைக் கடவுள் முன் நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும் என்றே நான் நம்புகிறேன். அந்த இடத்தில் அவர் தனியாக நிற்கவேண்டாம் என்பதற்குத்தான் நம் ஜெபம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று அப்பாவின் கல்லறைக்குப் போங்கள். வார்த்தை வராவிட்டால், ‘நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே’ போதும். என் பாட்டி வீட்டார் கல்லறைகளுக்கு மெழுகுவத்தி ஏற்றிய பிறகு, மதிலோரம் பெயர் அழிந்து கிடந்த ஒரு மேட்டுக்கும் போவார். காற்று அணைக்காமல் சேலைத் தலைப்பால் மறைத்து, அங்கேயும் ஒன்று ஏற்றுவார். ‘நினைக்க ஆளில்லாத ஆத்துமாவுக்கு’ என்பார்.

நீங்களும் மெழுகுவத்தி ஒன்று கூடுதலாக வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்