டாக்டரிடம் கேளுங்கள்: வெளியே இருக்கும் கொழுப்பு உள்ளே என்ன செய்யும்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 58 வயது. கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் உண்டு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மதுரையில் இதயத்துக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோம். கால்சியம் ஸ்கோர் 60, இதயத்தைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் என்று எழுதியிருக்கிறார்கள். "கொழுப்பு வெளியேதானே இருக்கு, குழாய்க்குள்ளே இல்லையே" என்று சொல்லி, எழுதிக் கொடுத்த அட்டோர்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தொடமாட்டேன் என்கிறார். கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தால் கரைந்துவிடுமா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, குழாய்க்குள்ளே ஒன்றுமில்லை என்று அவருக்கு யார் சொன்னது? கால்சியம் ஸ்கோர் 60 என்றால் இதய ரத்தக் குழாயின் சுவரில் ஏற்கெனவே படிவு இருக்கிறது என்று பொருள். பயந்து நடுங்கும் அளவு இல்லை, சும்மா விடும் அளவும் இல்லை. மாத்திரை எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

இனி அந்த வெளிக் கொழுப்பு. எல்லோருக்கும் இதயத்தின் மேல் கொஞ்சம் கொழுப்பு உண்டு. இதயத் தசைக்கு எரிபொருள் தருவது அதன் வேலைகளில் ஒன்று. இதயத்தின் முக்கியமான ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இந்தக் கொழுப்புக்குள் புதைந்துதான் ஓடுகின்றன. நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்புக்கும் உள்ளே இருக்கும் வளவுக்கும் நடுவே கதவு இருக்கும். இந்தக் கொழுப்புக்கும் குழாய்க்கும் நடுவே அப்படி ஒரு தடுப்பே கிடையாது. கொழுப்பு அளவோடு இருக்கும்வரை தொந்தரவில்லை. தொப்பையும் சர்க்கரையும் ஏற ஏற இதுவும் பெருத்து, அழற்சியை (உள்ளுக்குள் வீக்கமும் எரிச்சலும்) உண்டாக்கும் பொருள்களைச் சுரக்கத் தொடங்குகிறது. அவை பக்கத்திலேயே இருக்கும் குழாய்ச் சுவருக்கு நேராகப் போய்ச் சேர முடியும்.

இதில் எனக்குப் பிடித்த சாட்சி ஒன்று உண்டு. சிலருக்கு இதயத்தின் முன்பக்கக் குழாய் கொஞ்ச தூரம் கொழுப்பை விட்டு இறங்கி, தசைக்குள் ஓடிவிட்டு மறுபடி மேலே வரும். தசைக்குள் ஓடும் அந்தத் துண்டில் பெரும்பாலும் படிவு இருக்காது. அதற்குச் சற்று முன்னால், கொழுப்பில் கிடக்கும் பகுதியில் இருக்கும். ரத்த ஓட்டத்தின் விசைக்கும் இதில் பங்குண்டு, கொழுப்பின் மேல் மட்டும் பழி போட முடியாது. 2009இல் வெளியான அமெரிக்காவின் மெசா என்ற பெரிய இதய நோய் ஆய்விலும், இதயத்தைச் சுற்றிக் கொழுப்பு கூடியவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு போன்றவை அதிகம் வந்தது தெரிந்தது. அதில் நம்மவர்கள் இல்லை. ஆனால் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வரும் உடல்வாகு நம்மிடம்தான் அதிகம், அதனால் எனக்குக் கவலை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஆகவே அவர் இடுப்பை ஒரு டேப்பால் அளந்து பாருங்கள். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. தொப்பை குறைந்தால் இதயத்தின் மேலுள்ளதும் குறையும். தினமும் அரை மணி நேரம் வேக நடை போதும், உங்கள் ஊர்த் தெருக்களின் அகலத்துக்கு அதற்கு ஒரு சாக்கும் சொல்ல முடியாது. சாந்தி (அறுபதாம் கல்யாண) வீட்டில் இரண்டு வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டால் குடி முழுகிப் போகாது. மத்தியானம் மூன்று தடவை சோறு வாங்கிவிட்டு, சாயங்காலம் தினமும் இடைப்பலகாரம் என்று உட்காருகிறார் என்றால், அதைப் பிடியுங்கள்.

கொள்ளு ரசம் தாராளமாக வையுங்கள், ருசியாக இருக்கும். இந்தக் கொழுப்பை அது கரைக்காது, மாத்திரையின் வேலையையும் செய்யாது. மாத்திரை குறைப்பது ரத்தத்தில் உள்ள கெட்ட கொலஸ்ட்ராலை; குழாயில் இருக்கும் படிவு வெடிக்காமல் கெட்டிப்படவும் அது உதவும்.

அப்புறம் ஒன்று. நடக்கும்போது மட்டும் நெஞ்சு இறுக்கி, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அந்த வாரமே இதய மருத்துவரிடம் காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடைத்து, வியர்த்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ போனால் வாயு என்று ஓமத்தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.