கேற்றில ஒட்டியிருந்த பேப்பரை முதல்ல பாருங்க

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி நாலு பக்கம் எழுதியிருக்கிறா. சுருக்கமாச் சொன்னா, மட்டக்குளியில அப்பப்பா 1930களில கட்டின வீடு, பின்னால மாட்டுக்கொட்டில், கிணறு, பால் போத்தல் கழுவுற சின்ன அறை, எல்லாமாச் சேத்து 38 பேர்ச் காணி. முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பக்கமெல்லாம் விடியக்காலமை சைக்கிள்ல பால் போனது அங்கயிருந்துதான். காணி உறுதி இன்னும் அப்பப்பாவின்ட பேரிலயே கிடக்கு. அவருக்குப் பிள்ளைகள் மூண்டு பேர்: காலமான இவவின்ட அப்பா, கனடாவில இருக்கிற மாமி, அந்த வீட்டிலயே இருக்கிற சித்தப்பா. சித்தப்பா முன்பக்கத்தை வாடகைக்கு விட்டு காசை தானே எடுக்கிறாராம், பால் அண்டா எல்லாத்தையும் பழைய இரும்புக்காரனுக்கு வித்துப்போட்டாராம், இப்ப வீட்டை இடிச்சு அபார்ட்மெண்ட் கட்டுறவைக்குக் குடுக்கப்போறாராம். இதை மரபுச் சின்னமா அறிவிக்க ஏலாதா, சொந்தக்காரர் எங்களுக்குத்தானே முதல்ல வாங்குற உரிமை, கேஸ் போடட்டா எண்டு கேட்டிருக்கிறா.

தங்கச்சி, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். அண்டா வித்தது, வாடகைக் காசு, அப்பப்பாவை ஆஸ்பத்திரியில ஆர் வச்சுப் பாத்தது, இதுகள் ஒண்டும் இப்ப வேண்டாம். மூண்டாம் பக்கத்தின்ட அடியில ஒரு வரி எழுதியிருக்கிறீங்க: "போன ஆவணியில சர்வேயர் ஒராள் வந்து அளந்தவர், பறையும் அடிச்சவையாம், கேற்றில ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது, சித்தப்பாவின்ட வேலை எண்டு நாங்க கணக்கெடுக்கேல்ல." உங்கட வழக்கு அந்த வரிதான்.

சும்மா காணி அளக்க வாற ஆக்கள் பறை அடிக்க மாட்டினம். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தில பார்ட்டிஷன் வழக்கு, அதாவது கூட்டுக் காணியைப் பங்கு பிரிக்கிற வழக்கு, போட்டாத்தான் கோர்ட் ஒரு சர்வேயரை அனுப்பி, பறை அடிச்சு ஊருக்கு அறிவிச்சு, நோட்டீஸும் ஒட்டி அளக்கிறது. அப்ப, கேஸ் போடட்டா எண்டு நீங்க என்னைக் கேக்கேக்க சித்தப்பா ஏற்கனவே போட்டிட்டார். ஆவணியில அளந்ததெண்டா ரிப்போர்ட்டும் ப்ளானும் இப்ப கோர்ட்டுக்கு வந்திருக்கும். நாளைக்கே ஒரு சட்டத்தரணியைப் பிடிச்சு புதுக்கடை கோர்ட்டில வழக்கேட்டைப் பாருங்க, அடுத்த தவணை எப்ப எண்டு பாருங்க, சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற ப்ரொக்சி எண்ட பத்திரத்தைக் குடுத்து உங்கட உரிமைக் கூற்றைப் போடுங்க. உங்களை பிரதிவாதியாப் போட்டு விலாசம் மட்டக்குளி வீடு எண்டு குடுத்திருந்தா சம்மன்ஸ் சித்தப்பாவின்ட கைக்கே போயிருக்கும், நான் இதைக் கன தரம் கண்டிருக்கிறன். உங்கட பேரையே போடாமலும் விட்டிருக்கலாம், அப்பிடியெண்டா தீர்ப்பு வர முந்தி உங்களைச் சேர்க்கச் சொல்லி மனுப் போட வேணும்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துறன் எண்டா, பார்ட்டிஷன் தீர்ப்பு மற்ற சிவில் தீர்ப்புகள் மாதிரி வழக்காடின ரெண்டு பேரை மட்டும் கட்டுற ஒண்டில்ல. 48ஆம் பிரிவின்படி அது உலகத்துக்கே முடிவான தீர்ப்பு, எனக்குத் தெரியாது, ஆரும் சொல்லேல்ல எண்டு பிறகு வந்து நிண்டா மிச்சமிருக்கிற வாசல் சின்னன், அதுவும் குறிச்ச நாளுக்குள்ள பூட்டிப்போடும். வழக்கில பேரே இல்லாமல் விடுபட்ட ஆளுக்கு 49ஆம் பிரிவில நட்டஈடு கேக்கலாம், ஆனா அது காசுதான், வீடு திரும்பி வராது. மூண்டில ஒரு பங்கு கண் முன்னால இருந்தும், அண்ணனோட கோவம் எண்டு கோர்ட் பக்கமே போகாமல் இருந்து எல்லாத்தையும் விட்ட ஒரு அம்மாவை எனக்குத் தெரியும், அவவின்ட ஃபைல் இன்னும் என்ர அலுமாரியில இருக்கு.

நீங்க கேட்டதுகளுக்கும் சுருக்கமாச் சொல்லுறன். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள்ள தானா வாறது 1815 மார்ச் 2க்கு முந்தின கட்டடங்கள்தான், பிந்தினது எண்டா அமைச்சர் வர்த்தமானியில போட வேணும், 1930களில கட்டின பால்கார வீட்டுக்கு அதை நம்பியிருந்து நாளைக் கடத்தாதீங்க. முதல்ல வாங்குற உரிமை யாழ்ப்பாணத் தமிழரின்ட வழமைச் சட்டமான தேசவழமையில இருக்கு, 1947ஆம் ஆண்டு அதுக்குத் தனிச் சட்டமும் வந்தது, ஆனா அது வடமாகாணக் காணிக்குத்தான், மட்டக்குளிக்கு வராது. அப்பப்பா வாயால தனக்குத் தந்தது எண்டு சித்தப்பா சொல்லுறதை விடுங்க, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசு முன்னால எழுதாத காணிக் கொடுப்பு செல்லாது.

ஆனா அவர் வழக்கில அதைச் சொல்ல மாட்டார். 25 வருஷமா நான் தனிய இருக்கிறன், பத்து வருஷத்துக்கு மேல ஆண்டபடியா ஆட்சியுரிமையால காணி எனக்கு வந்திட்டுது எண்டுதான் சொல்லுவார். கூட்டுக் காணியில ஒரு பங்காளி இருக்கிறது எல்லாப் பங்காளிக்குமாக இருக்கிறதுதான் எண்டு 1911ஆம் ஆண்டு கொரயா எதிர் அப்புஹாமி வழக்கில லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது இண்டைக்கும் சட்டம். மற்றவையை வெளியில தள்ளினதா அவர் காட்ட வேணும். அதே நேரம் 1918ஆம் ஆண்டு திலகரத்ன எதிர் பஸ்தியான் வழக்கில, நீண்டகாலம் ஒராள் தனிய அனுபவிச்சா அப்பிடித் தள்ளினதா ஊகிக்கலாம் எண்டும் வந்திருக்கு. அதால சும்மா இருந்தா வெல்லலாம் எண்டு நினைக்காதீங்க. ஒவ்வொரு வருஷமும் பட்டிப்பொங்கலுக்கு குடும்பம் முழுக்க அந்தக் கொட்டிலில கூடினதா ரெண்டாம் பக்கத்தில ஆசையா எழுதியிருக்கிறீங்களே, அந்தப் படங்கள்தான் உங்கட சாட்சி. வெளியில தள்ளின ஆக்களைக் கூப்பிட்டு ஆரும் பொங்கல் வைக்க மாட்டினம். சோலைவரி ஆர் கட்டினது, கூரை மாத்தேக்க உங்கட அப்பா காசு குடுத்தவரா, ஒரு துண்டு ரசீது கிடந்தாலும் எடுத்து வையுங்க.

இன்னொண்டு, வீட்டை நேசிக்கிறபடியா நீங்க இதை விடக்கூடாது. சர்வேயரின்ட ரிப்போர்ட்டில காணியில இருக்கிற கட்டடம், கிணறு, மரம் எல்லாம் எழுதி அதை ஆர் உரிமை கோரினது எண்டும் எழுதுவினம். அண்டைக்கு அங்க நிண்டது சித்தப்பா மட்டும். வீடும் கொட்டிலும் நான் கட்டினது, நான் திருத்தினது எண்டு அவர் சொல்லியிருந்தா, நீங்க எதிர்த்துச் சொல்லாட்டி, நிலத்தில உங்களுக்கு மூண்டில ஒரு பங்கு கிடைச்சாலும் வீடு அவரின்ட துண்டோட போகும். நிலப் பங்கை வெண்டு வீட்டைத் தோத்த ஆக்கள் இருக்கினம்.

இனி நான் சொல்லுறது உங்களுக்குப் பிடிக்காது. சமாதானமாப் போங்க. 38 பேர்ச்சில உங்கட பக்கத்துக்கு 12க்கு கொஞ்சம் மேலதான் வரும், அதுவும் அம்மாவுக்கும் உங்களுக்கும் தம்பிக்கும் சேத்து, உள்ளுக்குள்ள எப்பிடிப் பிரியும் எண்டது தேசவழமை உங்கட குடும்பத்துக்குப் பொருந்துதா எண்டதில இருக்கு. வீடு காணியின்ட நடுவில நிக்குது, கோர்ட் சர்வேயர் கோடு போட்டா அது கொட்டிலுக்குள்ளால போகலாம், பிரிக்க ஏலாது எண்டு கண்டா கோர்ட் விக்கச் சொல்லும், ஏலத்தில உங்களோட போட்டிக்கு நிக்கப்போறது அந்த அபார்ட்மெண்ட் ஆக்கள்தான். நான் ஜூனியரா இருந்த ஒரு வழக்கில வழக்காளியும் எதிராளியும் ரெண்டு பேருமே தீர்ப்பைக் காணாமலே செத்துப்போனவை, கூரை அதுக்கு முதலே விழுந்திட்டுது. சித்தப்பாவுக்கு வேண்டியது ரோட்டுப்பக்கம். அதை அவருக்கு விடுங்க, ரெண்டு மூண்டு பேர்ச் குறைஞ்சாலும் பரவாயில்ல, வீடும் கொட்டிலும் கிணறும் நிக்கிற துண்டை வாகனம் போற பாதையோட ப்ளானில கேளுங்க. கொழும்பில ஒரு துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறைய இருக்கக்கூடாது எண்டதை மனசில வச்சுக் கதையுங்க.

சமாதானம் வந்தோண்ணதான் ஆக்கள் கூட விழுறது. கலியாண வீட்டில ராசியாகி, அழுது கட்டிப்பிடிச்சு, அடுத்த கிழமையே நொத்தாரிசிட்டப் போய் பங்குபிரிக்கிற உறுதி எழுதிப்போடுவினம், வழக்கு அங்க கோர்ட்டில கிடக்கும், இந்தக் காணியில வழக்கு இருக்கு எண்ட பதிவு, லிஸ் பெண்டன்ஸ், காணிப் பதிவகத்தில கிடக்கும். வழக்கு நடக்கேக்க பிரிபடாத பங்கை எழுதிக் குடுத்தா பிரிவிடல் சட்டத்தின்ட 66ஆம் பிரிவின்படி அது செல்லாது. பத்து வருஷம் கழிச்சு பேங்க்ல லோன் கேக்கப் போகேக்கதான் தெரியும். ஒண்டில் வழக்குக்குள்ளயே பிரிக்கிற முறையைப் பதிய வையுங்க, இல்லாட்டி வழக்கை முறையா முடிச்சு லிஸ் பெண்டன்ஸை நீக்கின பிறகு உறுதி எழுதுங்க. மாமி கனடாவில இருந்து தாற பவர் ஒஃப் அட்டோர்னியில இந்தக் காணியும் இந்த வழக்கும் எழுதியிருக்க வேணும். உங்கட அப்பா முந்தி சித்தப்பாவுக்குக் குடுத்த பவர் எண்டு ஒண்டைக் குறிப்பிட்டிருக்கிறீங்க, அது அப்பா போனதோட போயிட்டுது, அப்பா மோசம் போன திகதிக்குப் பிறகு அதை வச்சு சித்தப்பா ஏதும் எழுதியிருக்கிறாரா எண்டு காணிப் பதிவகத்தில ஏட்டைத் தேடிப் பாருங்க.

பொங்கல் படங்களின்ட பின்பக்கத்தில வருஷம் எழுதியிருந்தா அதையும் சேத்து கொப்பி எடுங்க. ஒரிஜினலை சித்தப்பாவிட்ட காட்டவும் வேண்டாம், என்னட்ட தரவும் வேண்டாம், கோர்ட் கேக்கும்வரைக்கும் உங்கட வீட்டிலயே வையுங்க.