38 வயதில் கார் டெஸ்டில் இரண்டு முறை தோற்றுவிட்டேன், விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். நானும் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறைதான் பாஸ் ஆனேன், அப்போது எனக்கு 41. பத்து வருடமாக ஸ்கூட்டி ஓட்டும் உங்களுக்கு, காரில் எச் எடுக்கும்போது, அதாவது கம்பிகளுக்கு நடுவே H எழுத்து மாதிரி முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டும்போது மட்டும், கை கால் சொன்னபடி கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் அப்படியே என் கதை மாதிரி இருந்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டில், கடையில், பால் சொசைட்டியில் எல்லாம் தமிழ்தான். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். அத்தைக்குக் கோயம்புத்தூரில் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து, டாக்டரிடம் காட்டப் போகும் ஒவ்வொரு தடவையும் டிரைவர் கிடைப்பாரா என்று நாலு பேருக்குப் போன் போட வேண்டும். வாசலில் கார் நிற்கும், ஓட்ட ஆள் இருக்காது. அதனால்தான் 2024 மார்ச்சில், 40 தாண்டிவிட்டதால் ஃபாரம் 1ஏ-வில் டாக்டர் கையெழுத்தும் வாங்கி, எல்எல், அதாவது பழகுவதற்கான லைசென்ஸ், போட்டேன். மே மாதம் டெஸ்ட் தேதி கிடைத்த நேரம், புது டெஸ்ட் முறையை எதிர்த்து கேரளா முழுக்க டிரைவிங் ஸ்கூல்காரர்கள் போராட்டம், கிட்டத்தட்ட இரண்டு வாரம் டெஸ்டே நடக்கவில்லை. தேதி தள்ளிப் போய் ஜூன் கடைசியில்தான் எனக்கு முறை வந்தது.

கிளாஸில் ஒரு காரில் நாலு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம். இங்கே டிரைவிங் சொல்லிக்கொடுப்பவரை ஆசான் என்பார்கள். என் ஆசான் நல்ல மனிதர், என்னைவிடப் பெரியவர், இருந்தாலும் அக்கா என்கிற மாதிரி "சேச்சி, பையெ, பையெ" என்றுதான் சொல்வார். நம் தமிழிலும் பைய என்றால் மெதுவாகத்தானே, அதனால் எனக்கு அந்தச் சொல் உடனே பிடிபட்டது, ஆனால் எப்படிப் பைய போவது என்று காலுக்குத் தெரியவில்லை. எச் எடுக்க அவர் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அடையாளம்: இந்தக் கம்பி பின்கண்ணாடியில் தெரிந்ததும் ஸ்டியரிங் முழுக்க இடது, அந்தக் கம்பி தோளுக்கு நேராக வந்ததும் நேராக்கு. நான் மனப்பாடம் செய்துவிட்டேன். அவர் பக்கம் தனியாக ஒரு கிளட்சும் பிரேக்கும் இருந்ததால், நான் செய்கிறேன் என்று நினைத்ததில் பாதியை அவர் கால்தான் செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் டெஸ்டில் சீட்டை யாரோ முன்னால் இழுத்து வைத்திருந்தார்கள், நான் அப்படியே ஏறி உட்கார்ந்துவிட்டேன். உட்காரும் இடம் மாறினால் கம்பி தெரியும் இடமும் மாறுமே! அடையாளம் எல்லாம் தப்பி, ரிவர்ஸில் கம்பியைத் தட்டிவிட்டேன். இரண்டாவது ஆடி மாதம். எங்கள் ஊர் ஆடிக் காற்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக அப்படியே வந்து அறையும். கம்பிகளுக்கு நடுவே கட்டியிருந்த ரிப்பன் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது, அதைப் பார்த்து நான் அவசரப்பட்டுக் கிளட்சை விட, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதற்கப்புறம்தான் என் தம்பி தென்னந்தோப்புக்குக் கூட்டிப்போனான். அவனுக்கு லைசென்ஸ் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான், எல் போர்டும் ஒட்டியிருந்தோம். கம்பி, எச் எதுவும் வேண்டாம் அக்கா, ஆக்ஸிலேட்டரைத் தொடாதே, கிளட்ச் மட்டும் என்றான். முழுக்க மிதித்து, ஃபர்ஸ்ட் போட்டு, மிகக் கொஞ்சமாக விட வேண்டும். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து இறங்கும், ஸ்டியரிங்கில் லேசாக ஒரு நடுக்கம் வரும், வண்டி எறும்பு மாதிரி நகர ஆரம்பிக்கும். அந்த இடத்தில் காலை அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுப்போகிறது, பாதி விட்டால் கிளட்ச் பிளேட் உரசிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறது, சட்டென்று விட்டால் மொத்த பாரமும் இன்ஜின் மேல் விழுந்து ஆஃப் ஆகிறது. இவ்வளவுதான், ஆனால் இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய நமக்கு இதில்தான் கஷ்டம் என்று நினைக்கிறேன். ஸ்கூட்டியில் ஆக்ஸிலேட்டர், பிரேக் இரண்டும் கையில், இடது காலுக்கு ஒரு வேலையும் கிடையாது. பத்துப் பதினைந்து வருடம் சும்மா இருந்த காலிடம் திடீரென்று அரை இன்ச் கணக்கு கேட்கிறோம். அதற்கு நாள் பிடிக்கத்தான் செய்யும், வயது ஆகிவிட்டது, மூளைக்கு ஏறவில்லை என்றெல்லாம் தயவுசெய்து நினைக்காதீர்கள்.

தினமும் காலையில் அரைமணி நேரம், இரண்டு வாரம் அது ஒன்றையே செய்தேன். முன்னால் பத்தடி, ரிவர்ஸில் பத்தடி. வண்டி அவ்வளவு மெதுவாகப் போனதும் திரும்பிப் பார்க்க நேரம் கிடைத்தது, பின்சக்கரம் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. அப்புறம் நாலு மூங்கில் நட்டு எச் எடுத்தபோது அடையாளமே தேவைப்படவில்லை. ஆகஸ்டில் மூன்றாவது டெஸ்ட். ஏறியதும் முதலில் சீட்டைச் சரிசெய்தேன், கிளட்சை முழுக்க மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கிற மாதிரி. பின்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள், இருக்கட்டும் என்று கண்ணாடியையும் திருப்பி வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். எச், ரோடு இரண்டும் பாஸ்.

உங்களுக்கு இனி மூன்றாவது தடவை, அதனால் ஒரு விஷயம். தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம் என்பது சரிதான், ஆனால் மூன்று தடவை தோற்றால் அடுத்ததற்கு 60 நாள் காத்திருக்க வேண்டும். ஏழாவது நாளே ஓடாதீர்கள். எல்எல் ஆறு மாதம் செல்லும், எப்போது முடிகிறது என்று பார்த்துவிட்டு, முடிந்தவரை தள்ளித் தேதி போடுங்கள். அதற்குள் லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் கிளட்ச் மட்டும் பழகுங்கள். கூட வருபவர் கத்தாதவராக இருப்பது முக்கியம், என் வீட்டுக்காரரிடம் பழகியிருந்தால் எனக்கு வந்திருக்காது.

இப்போது அத்தையை நான்தான் கூட்டிப்போகிறேன். முதல் தடவை வழியில் இருக்கும் வேலந்தாவளம் வரைக்கும் முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே வந்தார், போன மாதம் வீடு வந்து சேர்ந்ததும் நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது.