திருநின்றவூரில் வீடா? முதலில் ஓர் ஐப்பசி பார்த்துவிடுங்கள்

கேள்வி: வில்லிவாக்கத்தில் 17,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். எனக்கு அண்ணா சாலையில் எல்.ஐ.சி. பக்கம் அலுவலகம். மனைவிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மகள் அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு. சர்க்கரை, பிரஷர் உள்ள அம்மாவும் எங்களோடு இருக்கிறார். திருநின்றவூரில் ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டரில் 9,000 ரூபாய்க்குத் தனி வீடே கிடைக்கிறது. அமைதியான இடம், ஒரு மணி நேரத்தில் சென்ட்ரல் என்கிறார்கள். போகலாமா? இல்லை, அங்கேயே மனை வாங்கிக் கட்டிவிடலாமா?

பதில்: ‘ஒரு மணி நேரத்தில் சென்ட்ரல்’ என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. ரயில் ஏறியதிலிருந்து கணக்குச் சொல்லியிருக்கிறார். நாம் வாசலில் செருப்பு மாட்டியதிலிருந்து போடுவோம். மூன்று கிலோமீட்டர் பைக்கில் வந்து, ஸ்டாண்டில் வண்டியைச் செருகிவிட்டு பிளாட்பாரம் சேரக் கால் மணி. காத்திருக்கப் பத்து நிமிஷம். லோக்கலில் ஏறக்குறைய ஒரு மணி. சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோ பிடித்து, எல்.ஐ.சி.யில் மேலே ஏறி வர இருபத்தைந்து நிமிஷம். ஆக 110 நிமிஷம். இப்போது வில்லிவாக்கத்திலிருந்து உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், போக வர ஒரு நாளைக்கு 100 நிமிஷம் கூடுகிறது. மாதம் 25 நாளுக்குச் சுமார் 42 மணி.

வாடகையில் மிச்சம் 8,000. பெட்ரோல், ஸ்டாண்ட் வாடகை, கேன் தண்ணீர், ராத்திரி தப்பிப்போன வண்டிக்கு ஆட்டோ என்று 2,000 கழித்துவிடுங்கள். மீதி 6,000 ரூபாயை அந்த 42 மணியால் வகுத்தால் மணிக்கு 140 ரூபாய் சொச்சம். உங்கள் நேரத்தை அந்த விலைக்குக் கொடுக்கச் சம்மதமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ரயில் செலவைப் பற்றிக் கவலையே வேண்டாம். திருநின்றவூர் – சென்ட்ரல் டிக்கெட் 10 ரூபாய்தான், மாதச் சீசன் 200 ரூபாயைத் தொடாது. மெட்ரோவுக்குத்தான் அதைப்போலப் பல மடங்கு போகும்.

இந்தத் தடத்தில் வீடுகளுக்கு மதிப்பீடு போட்டே எனக்குப் பாதி ஆயுள் கழிந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறந்த தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இதுதான். அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, திருவள்ளூர் எல்லாம் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தன. அதனால் இங்கே வீட்டின் தரத்தை நான் டைல்ஸில் பார்ப்பதில்லை, ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம் என்பதில் பார்க்கிறேன். நடக்கும் தூரத்தில் இருக்கும் சின்ன வீடு, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய வீட்டைவிட மேல். மழை நாளிலும், ராத்திரி பத்து மணிக்கு மேலும் அந்த மூன்று கிலோமீட்டர் பத்து கிலோமீட்டராக நீளும். ஷேர் ஆட்டோக்காரர் ஆள் சேரும்வரை கிளம்ப மாட்டார்.

இன்னொன்று, சென்ட்ரலிலிருந்து கிளம்பும் எல்லா லோக்கலும் உங்கள் ஊர் வரை வராது. ஆவடியோடு நிற்பவை, பட்டாபிராம் சைடிங்கோடு நிற்பவை உண்டு. திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி வண்டிகளில்தான் நீங்கள் ஏற முடியும். ‘அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு டிரெயின்’ என்று தரகர் சொன்னால் அது ஆவடி வரைக்குமான கணக்கு. நேர அட்டவணையில் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும், ராத்திரிக் கடைசி வண்டிக்கும் விரலை வைத்துப் பாருங்கள். ஃபாஸ்ட் லோக்கல் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் உங்களைவிட அதிகம் மாட்டப்போவது உங்கள் மனைவி. இப்போது அவர் வில்லிவாக்கத்திலிருந்து காலையில் மேற்கே போகிறார். ஊரே கிழக்கே போகிற நேரம் என்பதால் அவருக்கு உட்கார இடம் கிடைத்திருக்கும். திருநின்றவூர் போய்விட்டால் அவரும் கிழக்கே போகும் கூட்டத்தில் ஒருவர். திருவள்ளூரிலேயே நிரம்பி வரும் வண்டியில் லேடீஸ் பெட்டிக்குள் ஏறுவது ஒரு பாடு, நடுவில் அம்பத்தூரில் கூட்டத்தைப் பிளந்து இறங்குவது இரண்டு பாடு. தெரிந்தவர்கள் ஆவடியில் இறங்கி, அங்கிருந்தே புறப்படும் காலி வண்டியில் மாறிக்கொள்வார்கள். பத்து நிமிஷம் போனாலும் எலும்பு மிஞ்சும். தூரம் உங்களுக்குத்தான் அதிகம். இருந்தாலும் முடிவை அவரிடம் விடுங்கள்.

அமைதி உண்மைதான். தனி வீடு, மொட்டை மாடிக் காற்று, காலையில் மயில் சத்தம். (பாம்பும் வரும். ராத்திரி எக்ஸ்பிரஸ் ஹாரன் ஒரு மாதத்தில் பழகிவிடும், ஆடி மாத ஒலிபெருக்கி எனக்கு இன்னும் பழகவில்லை.) ஆனால் அந்த அமைதி யாருக்குக் கிடைக்கிறது? இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்பும் உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை மட்டும். பகல் முழுக்க அதில் இருக்கப்போவது அம்மா. பாதி மனைகள் காலியாகக் கிடக்கும் லே-அவுட்டில், பதினோரு மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது அவருக்குச் சர்க்கரை இறங்கினால் யார் கதவைத் தட்டுவார்கள்? வில்லிவாக்கத்தில் மருந்துக் கடை தெருமுனையில் இருக்கும்.

அதனால் திருநின்றவூர்தான் என்றால் புது லே-அவுட்டை விட்டுவிட்டுப் பழைய ஊருக்குள் பாருங்கள். பக்தவத்சலப் பெருமாள் கோயிலைச் சுற்றிய பகுதியில் வீடு பழசாக இருக்கும், இரண்டாயிரம், மூவாயிரம் கூடக் கேட்பார்கள். ஆனால் திண்ணையில் பேச ஆள் இருக்கும், கடை இருக்கும். வைகுண்டத்தை விட்டு வந்த திருமகள் நின்ற ஊர் என்பதால்தான் இந்தப் பெயர் என்பார்கள். தாயாருக்கு ‘என்னைப் பெற்ற தாயார்’ என்றே திருநாமம். உங்கள் அம்மாவுக்குத் தினமும் போய்வர ஓர் இடம் கிடைத்துவிடும். டாக்டர் பார்க்க ஆவடி. பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மேற்கே, சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை கிழக்கே.

மனை வாங்குவதற்கு இந்த வருஷம் என் பதில், வேண்டாம். கட்டவே வழியில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்கும் செய்த பூசலார் நாயனாரின் ஊர் இது. இதயாலீஸ்வரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. நீங்களும் ஒரு வருஷம் மனசுக்குள் கட்டுங்கள், அதற்கு வட்டி கிடையாது. இந்தப் பக்கம் ஏரிகள் நிறைந்த பூமி. சித்திரையில் போய்ப் பார்த்தால் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று நின்று பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் எதுவரை நின்றது என்று தரகரைக் கேட்காதீர்கள். பக்கத்துத் தெரு இஸ்திரிக்காரரைக் கேளுங்கள், முழங்காலா இடுப்பா என்று காட்டுவார். வாடகை வீட்டுக்கும் இதே சோதனைதான். சுவரில் கீழே மூன்றடிக்கு மட்டும் புது பெயின்ட் இருந்தால் காரணம் கேளுங்கள். பேஸ்மட்டம் சாலையைவிட எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் வீடு கொஞ்சம் இறங்கும். பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான், மழையில் அது பொங்கினால் வீட்டுக்குள்ளேயே தெரியும். போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பின்னால் வாங்குவதென்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமில்லாத மனையாக இருந்தால் வரன்முறைப்படுத்திய உத்தரவைக் கையில் வாங்கிப் பாருங்கள். பட்டாவும் வில்லங்கச் சான்றும் போதாது, வருவாய்த்துறை வரைபடத்தில் பக்கத்து சர்வே எண் ஏரியா, கால்வாயா என்றும் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் தராதீர்கள்.

இப்போதைக்கு, மகள் பள்ளி மாறும் மே மாதத்தில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் போங்கள். மழைக்காலம் அதற்குள்ளேயே வந்துவிடும். போவதற்கு முன் ஓர் ஒத்திகை. ஞாயிறு ராத்திரி தெரிந்தவர் வீட்டில் திருநின்றவூரில் தங்கி, திங்கள் காலை நீங்களும் மனைவியும் அங்கிருந்து வேலைக்குப் போய், சாயங்காலம் அங்கேயே திரும்புங்கள். வந்து சேர்ந்ததும் இருவரும் தனித்தனியாக மணியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளலாம், அன்றைக்கு இருவருக்கும் தெம்பு இருக்காது.