அமெரிக்கக் கண்டங்களில் வேலை செய்ய ஐரோப்பியர்கள் ஏன் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக்கினார்கள்? நிறவெறிதான் காரணமா?

நிறவெறி உண்டு. ஆனால் அதற்கு முன்னால் கரும்பு வருகிறது.

அடிமைமுறை என்றதும் பலருக்கும் அமெரிக்காவின் பருத்தி வயல்தான் நினைவுக்கு வரும். ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு நேரடியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அதில் 4 லட்சம்கூட இல்லை. மிகப் பெரும்பாலோர் போனது பிரேசிலுக்கும் கரிபியன் தீவுகளுக்கும். அங்கே ஆளை விழுங்கிய பயிர் கரும்பு.

பார்படோஸ் தீவைப் பாருங்கள். 1627இல் ஆங்கிலேயர்கள் குடியேறியபோது புகையிலையும் பருத்தியும் போட்டார்கள். வயலில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்களே. கப்பல் கட்டணத்துக்குப் பதிலாகச் சில ஆண்டுகள் உழைப்பதாக எழுதிக்கொடுத்து வந்த ஏழைகள். அவர்களுக்கும் அடி விழுந்தது. அவர்களது ஒப்பந்தமும் கைமாறி விற்கப்பட்டது. 1640களில் கரும்பு வந்ததும் நிலைமை தலைகீழானது. கரும்பு விளையும் ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், வெட்டியதைப் போட்டுவைக்க முடியாது, சாறு புளித்துவிடும். அறுவடைக் காலத்தில் ஆலையும் கொப்பரையும் இரவு பகலாக ஓடின. காலக்கெடு முடிந்ததும் கிளம்பிவிடுகிற கூலியாட்களை நம்பி அதை நடத்தத் தோட்டக்காரர்கள் விரும்பவில்லை.

பூர்வகுடிகளை ஏன் பயன்படுத்தவில்லை? பயன்படுத்தினார்கள். சுரங்கத்திலும் தோட்டத்திலும் பிழிந்தெடுத்தார்கள். அந்தக் கொடுமையும் பெரியம்மையும் சேர்ந்து கரிபியனில் உள்ள ஹிஸ்பானியோலா போன்ற தீவுகளை ஏறக்குறைய காலியாக்கின. 1518இலேயே ஆப்பிரிக்காவிலிருந்து நேராக அடிமைகளைக் கொண்டுவர ஸ்பெயின் அரசர் அனுமதி கொடுத்துவிட்டார். போர்ச்சுகீசியர்களுக்கு இந்த வியாபாரம் அதற்கும் பழையது. கொலம்பஸ் கடல் கடப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1444இல், போர்ச்சுகல்லின் லாகோஸ் துறைமுகத்தில் 235 பேரை இறக்கிப் பங்கிட்டிருக்கிறார்கள்.

'ஆப்பிரிக்கர்களுக்கு உடல்வலு அதிகம், அதனால்தான்' என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சலூட்டும் பதில் இது. மலேரியாவையும் மஞ்சள் காய்ச்சலையும் அவர்களில் பலர் ஓரளவு தாங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் தோட்டத்தை எந்த உடலும் தாங்கவில்லை. பிரிட்டிஷ் கரிபியனில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இறக்கினார்கள். 1834இல் அடிமைமுறை ஒழிந்தபோது அங்கே அடிமைகளாக எஞ்சியிருந்தவர்கள், அங்கேயே பிறந்தவர்களையும் சேர்த்துச் சுமார் 7 லட்சம். செத்தவர்களின் இடத்தை நிரப்பத்தான் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

விற்றவர்கள் ஆப்பிரிக்க அரசர்களும் வணிகர்களும்தானே என்று கேட்பார்கள். ஆம், விற்றார்கள். துப்பாக்கி, சாராயம், துணி எல்லாம் விலையாகப் போயின. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியும் அதில் உண்டு. ஆனால் தன் குடிமக்களையே பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று 1526இல் காங்கோ அரசர் அபோன்சோ போர்ச்சுகல் அரசருக்குக் கடிதம் எழுதி முறையிட்டதும் நடந்ததுதான்.

சரி, ஐரோப்பாவில் கைதிகளும் நாடோடிகளும் ஏராளமாக இருந்தார்களே, அவர்களை ஏன் பரம்பரை அடிமைகளாக்கவில்லை? கேள்வியின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. தூக்கிலிடத் தயங்காதவர்கள்கூடச் சொந்த நாட்டுக்காரனின் பிள்ளையைப் பிறக்கும்போதே உடைமையாக எழுதிக்கொள்ளத் துணியவில்லை. வேற்றுக் கண்டத்துக்காரன், வேற்று மதத்தவன் என்றபோது அந்தத் தயக்கம் இல்லை. மதம் மாறிவிட்டால் என்ன செய்வது? ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்று 1667இல் வட அமெரிக்காவில் இருந்த ஆங்கிலேயக் குடியேற்றமான வர்ஜீனியா சட்டம் போட்டது. அதற்கு 5 ஆண்டுகள் முன்பு, பிள்ளையின் நிலை தாயைப் பொறுத்தது என்று இன்னொரு சட்டம். ஆங்கில வழக்கப்படி பிள்ளை தந்தை வழி. அதையே புரட்டிப்போட்டார்கள். எஜமான் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையும் அவனுடைய சொத்துக் கணக்கில் சேர்ந்தது. நிறம் இப்படித்தான் சட்டத்தில் ஏறியது. கறுப்பினம் தாழ்ந்தது என்ற 'அறிவியல்' எல்லாம் பெரும்பாலும் பின்னால் வந்த நியாயம் கற்பித்தல்.

அடிமைமுறை ஒழிந்த பிறகும் கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1848இல் அதை ஒழித்தார்கள். 1850களில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து தமிழர்களைக் கரிபியனில் உள்ள தங்கள் தீவுகளான மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பலேற்றினார்கள், 5 ஆண்டு ஒப்பந்தத்தில். அதையும் அடிமைமுறை என்றே எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கொடுமை இருந்தது, ஏமாற்று இருந்தது. ஆனால் அங்கே பிறந்த குழந்தை தோட்டக்காரனின் சொத்து ஆகவில்லை.