நடுவில் போன வாக்கியம்

அன்புள்ள ஐயா,

வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மின்னஞ்சலில் 'ஓகே...' என்று பதில் போட்டால், 'ஏன் கோபம்?' என்று கேட்கிறார் மேலாளர். ஆங்கிலத்தில் இந்த மூன்று புள்ளிகளை எங்கே, எப்படி வைப்பது? நான் எழுதிய ஆங்கிலக் கட்டுரையையும் இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மேலாளர் கேட்டதில் தப்பில்லை. முடிந்த பேச்சுக்குப் பின்னால் மூன்று புள்ளி வைத்தால், மனசில் இன்னும் ஏதோ வைத்திருக்கிறீர்கள் என்றுதான் தோன்றும். எடுத்துவிடுங்கள். புள்ளிகளுக்கு நடுவே இடம் விடுவதா என்பதெல்லாம் அலுவலக வழக்கம். அமெரிக்கப் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடு விடச் சொல்கிறது, விடாதவர்களும் உண்டு.

கொஞ்ச நாளாகவே என்னை உறுத்துவது வேறு. அதுவே உங்கள் கட்டுரையிலும் இருக்கிறது. நன்றாக எழுதுகிறீர்கள் தம்பி, அதனால்தான் சொல்கிறேன். மேற்கோளுக்கு மேற்கோள் மூன்று புள்ளி, நடுவே சொற்களை விட்டதற்கு அடையாளமாக. ஒன்றின் மூலத்தைத் தேடிப் படித்தேன். நீங்கள் வெட்டிய இடத்தில் 'ஆனால்' என்று தொடங்கும் வாக்கியம் இருக்கிறது! உங்கள் வாதத்துக்கு இடைஞ்சலாக இருந்தது, தூக்கிவிட்டீர்கள்.

2003 மே மாதம் அமெரிக்க அதிபர் புஷ் அர்க்கன்ஸா மாநிலத்தில் பேசினார். அல் கொய்தா மெல்ல மெல்ல அழிந்துவருகிறது. அதன் தலைவர்களில் பாதிப் பேர் சிறையில் இருக்கிறார்கள் அல்லது செத்துவிட்டார்கள். எப்படியானாலும் அவர்களால் இனித் தொல்லையில்லை என்றார். நியூயார்க் டைம்ஸ் பத்தியாளர் மொரீன் டவுட் தன் பத்தியில் அந்த 'பாதிப் பேர்' வாக்கியத்தை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தார். பிடிபட்டவர்களையும் செத்தவர்களையும் சுட்டிய 'அவர்கள்', மொத்த அல் கொய்தாவையும் சுட்டுவதாக ஆகிவிட்டது. சவூதித் தலைநகர் ரியாத்தில் அல் கொய்தாவின் குண்டுவெடிப்பு நடந்து இரண்டே நாளில் வந்த பத்தி அது. புஷ்ஷை எப்படிப் படித்திருப்பார்கள், யோசியுங்கள். அந்த ஆள்மேல் எனக்கு ஒரு துளி பரிவு கிடையாது. ஆனாலும் சொல்லாததை அவர் வாயில் வைக்க யாருக்கும் உரிமையில்லை. இத்தனைக்கும் புதிதாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. விட்டதற்கு அடையாளமாகப் புள்ளியும் இருந்தது. இலக்கணப்படி எல்லாம் சரி.

நான் ஆங்கில நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்தபோது எனக்கு மேலே ஒருவர் இருந்தார். மேற்கோளில் புள்ளியைப் பார்த்தால் காப்பியை, அதாவது அச்சுக்குப் போகவேண்டிய செய்தியை, மேற்கொண்டு படிக்கமாட்டார். 'முழுசு எங்கே?' என்று கையை நீட்டுவார். விட்டதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி, சேர்த்து வாய்விட்டுப் படிப்பார். 'பேசினவர் எதிரே உட்கார்ந்திருந்தா இதை ஒத்துக்குவாரா?' என்பார். பதில் வர ஒரு நொடி தாமதமானாலும் காப்பி திரும்பிவிடும். அவரிடம் திட்டு வாங்காத நாள் குறைவு. இன்றைக்கும் அவர்மேல் பெரிய மரியாதை எனக்கு.

கட்டுரையை எங்கும் அனுப்பாதீர்கள். வெட்டியதையெல்லாம் முதலில் திரும்பச் சேருங்கள். அப்புறமும் வாதம் நிற்கிறதா பாருங்கள். நிற்காவிட்டால் வாதத்தை மாற்றுங்கள், மேற்கோளை அல்ல.