பீட்டர் பென்டனை ஏன் பிடிக்கிறது?

அன்புள்ள சார்,

'ஈ.ஆர்.' என்ற அமெரிக்க மருத்துவமனைத் தொடரில் வரும் டாக்டர் பீட்டர் பென்டனை, தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்ததிலேயே சிறந்த சர்ஜன் என்று எழுதியிருந்தீர்கள். நான் இப்போது ஹவுஸ் சர்ஜன். அவரைப் போன்ற ஒரு சீனியரிடம் தினமும் திட்டு வாங்குகிறேன். இவ்வளவு தலைக்கனமும் சிடுசிடுப்பும் உள்ளவரை எப்படிக் கொண்டாடுகிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள டாக்டருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. திட்டு வாங்கினால்தான் தொழில் வரும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

1994 செப்டம்பரில் வந்த முதல் எபிசோடில், வயிற்றுப் பெருந்தமனி வீங்கிக் கிழிந்த ஒருவருக்கு பென்டன் அறுவை சிகிச்சை செய்கிறார். அவர் ரெசிடென்ட்தான், அதாவது இன்னும் பயிற்சியில் இருக்கும் டாக்டர். பெரிய சர்ஜன் வந்து சேரவில்லை என்பதால் தானே வயிற்றைத் திறக்கிறார். முடித்ததும் முஷ்டியை மடக்கிக் காற்றில் ஒரு குத்து. நீங்கள் சொல்லும் தலைக்கனம் அதில் முழுசாக இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் இரண்டாம் சீசனில், அதே தமனி வீக்கத்துக்கான ஒரு ஆய்வில் சேர்கிறார். நடத்துபவர் வூசெலிச் என்ற பெரிய சர்ஜன். அவர் கண்ணில் பட்டாலே எதிர்காலம் திறந்துவிடும். சிகிச்சை மோசமாக முடிந்த நோயாளிகளை வூசெலிச் ஆய்வுக் கணக்கிலிருந்தே விலக்குகிறார் என்பது பென்டனுக்குத் தெரியவருகிறது. தயங்குகிறார், மனம் அல்லாடுகிறார், கடைசியில் அவரிடமே போய்க் கேட்டுவிடுகிறார். கணக்கில் விடுபட்ட அந்த நோயாளிகளுக்காகத் தன் முன்னேற்றத்தைப் பணயம் வைத்தாரே, அந்த மனிதரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் டென்னிஸ் கான்ட். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனதில் வந்தவன் அவன்தான். மூன்றாம் சீசனில் வரும் இளம் இன்டர்ன். தன்னைப் போலவே கறுப்பினத்தவனான அந்தப் பையனிடம் பென்டன் ஈவிரக்கமில்லாமல் நடந்துகொள்கிறார். கான்ட்டின் நண்பனான இளம் டாக்டர் கார்ட்டரும் அவன் வேதனையைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஒரு இரவு, ரயிலில் அடிபட்ட ஒருவரைத் தூக்கிவருகிறார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. உதவிக்கு வரச் சொல்லி கான்ட்டை பேஜரில் அழைக்கிறார்கள். படுத்திருப்பவரின் பேஜர் ஒலிக்கிறது.

அது விபத்தா, அவனே தேடிக்கொண்டதா என்று தொடர் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாதது சரி என்றே நினைக்கிறேன். விபத்து என்று சொல்லியிருந்தால் பென்டனும் தப்பித்திருப்பார், பார்த்த நாமும் தப்பித்திருப்போம். அந்தக் காட்சியை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை.

2000 மே மாதம் வந்த எபிசோடில் கார்ட்டர் வலி மருந்துக்கு அடிமையாகி நிற்கிறான். சிகிச்சைக்குப் போக மறுத்து பென்டனை அடித்தே விடுகிறான். பென்டன் திருப்பி அடிக்கவில்லை. உடைந்து அழுபவனைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார், சிகிச்சைக்காக அட்லாண்டாவுக்கு விமானத்தில் கூடவே போகிறார். கான்ட்டுக்குச் செய்யாமல் விட்டதை இங்கே செய்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அதனால் கான்ட் திரும்பி வந்துவிடப் போவதில்லை.

உங்கள் சீனியர் என்றைக்காவது மாறுவார் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லுங்கள், வீட்டில் சொல்லுங்கள், துறைத் தலைவர் காதுக்கும் போகட்டும். இந்த வாரம் எப்படிப் போனது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.